கடல் கடந்த தமுக்கு

இக்கல்லூரியில் சேரும்போது நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் ‘விவசாயம்’ என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. என் தந்தையார் நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். முப்பது ஆண்டுகளாக அந்தத் தவிலை அடித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். நானும் எட்டாம் வகுப்பிலிருந்து அதே மேளத்தில் தமுக்கு அடிக்கிறேன். திங்கட்கிழமை முதல் வகுப்பில் நான் தூங்கி விழுவதைக் கண்டு கோபித்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களுக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும். அந்தப் பொய்யை எப்படித் திருத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. நடுவில் ஓர் ஆகாய விமானப் பயணமும் ஓர் ஆடித் திருவிழாவும் வருகின்றன.

நையாண்டி மேளத்தை நண்பர்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, இதுதான் மேளம். தமுக்கு என்பது பானையைப் பாதியாக வெட்டி, வாயில் தோலைக் கட்டியது போல இருக்கும். இரண்டு குச்சிகளால் அடிக்க வேண்டும். கரகாட்டம் பார்க்க வருகிறவர்களின் கண் கரகத்தின் மேல் இருக்கும். காது நாதஸ்வரத்தின் மேல் இருக்கும். தமுக்குக்காரனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் ஒரு தட்டு பிசகினால் ஆறு பேரும் பிசகுவார்கள்.

தைப் பொங்கல் கழிந்தால் எங்களுக்குப் பருவம் தொடங்கிவிடும். பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கல், ஆடியில் இருக்கன்குடி, இவற்றுக்கிடையே அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்துக் கிராமக் கொடைகள். விடிய விடிய வாசிப்போம். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. ஊர்ப்பந்தி எல்லாம் எழுந்த பிறகு, “மேளக்காரங்கள வரச் சொல்லுங்கப்பா” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரும்வரை குழாயடியில் நிற்க வேண்டும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடப்பது அது. ‘விவசாயம்’ என்று என் கை எழுதியதற்கும் அந்தக் குழாயடிதான் காரணம்.

வாத்தியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமுக்குத் தோல் விறைப்பாக இருந்தால்தான் பேசும். ஈரம் பட்டால் ஊமையாகிவிடும். எங்கள் ஊரில் இது ஒரு சங்கடமே அன்று. கரிசல் வெயிலில் பத்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் தோல் ‘டங்’ என்று நிற்கும். இரவானால் நாலு பனையோலையைக் கொளுத்தி அனலில் காட்டினால் போதும். வெயிலும் ஓலையும் எங்களுக்கு இலவசம். அதனால் அவற்றை நாங்கள் ஒருநாளும் மதித்ததில்லை.

சென்ற ஆடியில் எங்கள் மேளத்துக்கு மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. நம்மவர் இசை கடல் கடப்பது புதிதன்று. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு 1973இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நாதஸ்வரம் வாசித்தார். அவர்களெல்லாம் மேதைகள், பெரிய அரங்குகளுக்குப் போனவர்கள். எங்களை அழைத்தது கிள்ளான் நகருக்கு அப்பால், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் உள்ள ஒரு சிறு மாரியம்மன் கோயில். கோயில் தலைவரின் முன்னோர் நம் சீமையைச் சேர்ந்தவர்கள். ‘அம்மனுக்கு ஊர் மேளம் கேட்க வேண்டும்’ என்று அங்குள்ள பெரியவர்கள் ஆசைப்பட்டார்களாம். அனுமதிச் சீட்டு, விமானச் சீட்டு எல்லாம் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். “வரும்போது அம்மனுக்கு ஓர் அருப்புக்கோட்டை நூல் சேலை வாங்கி வாருங்கள்” என்பது ஒன்றே அவர்கள் எங்களிடம் கேட்டது.

பயண நாளன்று உச்சிப்பொழுதில் திருச்சுழியில் பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் இறங்கிச் சேலை வாங்கினோம். மஞ்சளில் அரக்குக் கரை. நெசவாளி வீட்டுத் திண்ணையிலேயே பேரம் முடிந்தது. பிறகு மதுரை, பிறகு திருச்சி. தவில்களின் வாரைச் சற்றே தளர்த்தி, பழைய போர்வைகளைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். பார்ப்பதற்கு யாரோ இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துத் தூக்கிப் போவது போலிருந்தது.

விமான நிலையச் சோதனையில் என் தந்தையாரின் சுருக்குப்பை அகப்பட்டுக்கொண்டது. உள்ளே பத்துப் பன்னிரண்டு விரற்கூடுகள். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது; தவில்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்வது. பார்க்காதவர்களுக்கு அது ஒரு மாதிரியாகத்தான் தெரியும். சோதனை அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னங்க இது, விரல் நுனியா?” என்றார். தந்தையார் பேசாமல் ஐந்து விரலிலும் கூட்டை மாட்டி, அந்த மேசையின் மேல் ஒரு தீர்மானம் தட்டிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்து, “போங்க பெரியவரே” என்று விட்டுவிட்டார். அடுத்தது என் தமுக்கு. “இது என்ன, சட்டியா?” என்றார். நான் ஆமென்று தலையாட்டிவிட்டு நடந்தேன். இது என் இரண்டாவது பொய்.

நான்கு மணி நேரப் பயணம். நள்ளிரவில் ஏறியவர்கள் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. கோயிலிலிருந்து ஒரு வேனோடு வந்திருந்த இளைஞர் கேட்ட முதற்கேள்வி, “பசியாறிட்டீங்களா?” என்பது. அங்குள்ள தமிழர்கள் காலைச் சிற்றுண்டி உண்பதை இப்படிச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் நாதஸ்வர வாத்தியார், “பசி இன்னும் ஆறலை தம்பி, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றார். வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார்கள். நம் ஊர்ப் பரோட்டாவின் உறவுக்காரன். ஆனால் குணம் சாது. தே தாரிக் என்ற தேநீரை ஒருவர் ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஆற்றினார். பக்கத்து மேசையில் மலாய்க் குடும்பம் ஒன்று. அதற்கடுத்து ஒரு சீனப் பெரியவர். எல்லாருக்கும் ஒரே கடை, ஒரே ரொட்டி. எங்கள் பம்பைக்காரர் மட்டும் ‘இதில் உறைப்பு இல்லை’ என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் பச்சை. கண் கூசும் அளவுக்குப் பச்சை. ரப்பர் மரத்தை அங்கே பால்மரம் என்கிறார்கள். இப்போது பால்மரம் குறைந்து, எண்ணெய்ப்பனைதான் எங்கும் நிற்கிறது. தோட்டங்கள் கைமாறியும் வீட்டுமனைகளாக மாறியும் போனதால் தொழிலாளர் குடியிருப்புகள் பல கலைந்துவிட்டன. இந்தத் தோட்டத்து லயன் வீடுகளும் போய்விட்டன. கோயில் மட்டும் எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே தனியாக நின்றது. ஆடிக்கு ஆடி, நாலா பக்கமும் பிரிந்து போனவர்கள் காரிலும் வேனிலும் வந்து சேர்கிறார்கள். நிலம் கோயிலுக்குச் சொந்தமன்று. அடுத்த ஆடிக்குக் கோயில் இதே இடத்தில் இருக்குமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை என்று தலைவர் சொன்னார்.

அவரிடம் எங்கள் ஊரைச் சொன்னபோது, “திருச்சுழியா? ரமணர் பிறந்த ஊராச்சே!” என்றார். 1879இல் எங்கள் ஊரில் பிறந்து திருவண்ணாமலைக்குப் போய்விட்ட ஒருவரால், கடலுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது.

நண்பகலில் அன்னதானம். தகரக் கொட்டகையில் நீள நீளமாக இலை போட்டிருந்தார்கள். வழக்கம்போல நாங்கள் ஆறு பேரும் குழாயடியில் போய் நின்றுகொண்டோம். யாரும் போகச் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று. தலைவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

“ஏன் இங்கயே நிக்கிறீங்க? வாங்க, உட்காருங்க.”

தந்தையார், “பந்தி முடியட்டுங்க” என்றார்.

“நீங்க உட்காராம நாங்க எப்படிப் பரிமாறுறது?” என்றார் அவர். அவர் குரலில் பெருந்தன்மை காட்டும் தொனி எதுவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

முதற்பந்தியில் உட்கார்ந்தோம். சாம்பார், முட்டைக்கோசுப் பொரியல், பயறு போட்ட பாயசம். சோற்றை அள்ளி வைத்த என் தந்தையாரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்தது. நாலு மணிக்கு மழை பிடித்தது. எங்கள் ஊரில் ஐப்பசியில் ஒரு வாரம் பெய்வதை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழைதான். கோலாலம்பூர்ப் பக்கத்தில் 2,400க்கும் மேல், அதாவது மூன்று மடங்கு என்று பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அதைப் புள்ளிவிவரம் இல்லாமலே என் தமுக்கு சொல்லிவிட்டது. குச்சியை வைத்தேன், ‘தொப்’ என்றது. மறுபடியும் தட்டினேன், ஈரச்சாக்கில் அடித்த சத்தம். தவில்களை வார் இழுத்து ஒருவாறு சரிசெய்துவிட்டார்கள். தமுக்குக்கு அனல்தான் வேண்டும். பனையோலை எங்கே போவது? சுற்றிலும் ஆயிரம் பனை நிற்கிறது. எல்லாம் எண்ணெய்ப்பனை, எல்லாம் நனைந்து சொட்டுகிறது. பழைய செய்தித்தாளைக் கொளுத்தலாமென்று தீப்பெட்டியை எடுத்தேன். சமையல் எரிவாயு உருளைகள் பக்கத்தில் இருப்பதால் கொட்டகையில் நெருப்பே கூடாதென்று சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்கு அம்மன் புறப்பாடு. மணி ஐந்தரை.

நான் தமுக்கை மடியில் வைத்துக்கொண்டு, கன்றை இழந்த பசு மாதிரி உட்கார்ந்திருந்தேன். முந்தைய இரவு அதைச் சட்டி என்று சொன்னவன் நான்தான். அது இப்போது சட்டியாகவே ஆகிவிட்டது.

பந்தியில் எங்களுக்குப் பாயசம் ஊற்றிய பாட்டி ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். எழுந்து வந்து தோலை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பேத்தியைக் கூப்பிட்டு, காரிலிருந்து எதையோ எடுத்துவரச் சொன்னார். வந்தது ஒரு ஹேர் டிரையர். பெண்கள் தலைமுடி உலர்த்தும் கருவி! திருவிழாவுக்கு அலங்காரம் செய்துகொள்ளக் கொண்டுவந்திருந்தார்கள். மின்கம்பியை நீட்டிப் போட்டு அரை மணி நேரம் அந்தப் பெண் பிடிக்க, நான் தமுக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். குழந்தைகள் கூட்டம் கூடிவிட்டது. “தமுக்குக்குத் தலை சீவிப் பூ வைக்கலையா?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகியது. தட்டிப் பார்த்தேன். ‘டங்’ என்றது. கொட்டகை முழுவதும் கைதட்டியது. மேளத்தில் சேர்ந்த நாளிலிருந்து தமுக்குக்கென்று யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு அம்மன் புறப்பட்டாள். நாங்கள் கொண்டுபோன மஞ்சள் சேலைதான் உடுத்தியிருந்தாள். முன்னால் அவ்வூர் இளைஞர்களின் உறுமி மேளம், பின்னால் நாங்கள். அந்தப் பையன்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, காது அடைக்கும்படி வாசித்தார்கள். அவர்களில் சிலருடைய வாத்தியத்தில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். மழையில் நனைந்தாலும் சத்தம் குறையவில்லை. தந்தையார் பழிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றை வாங்கித் தட்டிப் பார்த்து, “இந்த ஊரு மழைக்கு இதுதான் தோது. என்ன விலை?” என்று கேட்டார்.

எண்ணெய்ப்பனைகளின் நடுவே செம்மண் பாதையில் ஊர்வலம் போயிற்று. இடையிடையே தூறல். தூறல் விழும்போதெல்லாம் தமுக்கை வேட்டிக்குள் மூடிக்கொள்வேன். கோயிலுக்குத் திரும்பிய பிறகு வாத்தியார் காவடிச் சிந்து மெட்டைப் பிடித்தார். அதுவரை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த முதியவர்களின் கால்கள் அசைந்தன. ஒருவர் எழுந்தார், இருவர் எழுந்தனர். உறுமிப் பையன்கள் தாளத்தைக் காதில் வாங்கி மெல்லச் சேர்ந்துகொண்டார்கள. தோலும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக நள்ளிரவுவரை ஒலித்தன. என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வலி மறுநாள்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து வாத்தியங்களைக் கட்டும்போது அந்தப் பாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்த ஊருப்பா நீங்க?”

“திருச்சுழிப் பக்கம் பாட்டி.”

“அங்க மழை பெஞ்சுச்சா? குண்டாத்துல தண்ணி வந்துச்சா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டி மலேசியாவிலேயே பிறந்தவர். நம் ஊரை ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவருடைய தந்தை நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவராம். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய அந்தக் கப்பல் நம் மக்களை எத்தனை ஆயிரம் பேராகச் சுமந்ததோ! இறங்கிய துறைமுகத்துக்கு அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர். 1972இலிருந்து அது போர்ட் கிள்ளான். தோட்டக் கூலிகளாக ஆளனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதற்கு முன்பே, கண்மாய் வறண்ட ஓர் ஆண்டில், ஒரு கங்காணியோடு வந்துவிட்டார் அவர். திரும்பிப் போகவே இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஓடிப்போய் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்பாராம். அவர் காலமான பிறகு மகள் கேட்கிறார். குண்டாறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நான் விழித்தேன். தந்தையார்தான், “இன்னும் இல்ல தாயி. ஐப்பசியிலதான் பெய்யும்” என்றார்.

பாட்டி கொட்டகைக்கு வெளியே பார்த்தார். மறுபடியும் மழை கனத்துப் பெய்துகொண்டிருந்தது. “இங்க பெய்யுறதுல கொஞ்சம் அங்கிட்டுப் பெஞ்சிருந்தா, எங்கப்பா ஏன் கப்பலேறப் போறாரு?” என்றார்.

அன்றிரவு கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த வறட்சி அந்தப் பாட்டியின் தந்தையைக் கப்பலேற்றியதோ, அதே வறட்சிதான் ஊரில் எங்கள் வாத்தியங்களுக்கு விறைப்பைக் கொடுத்திருக்கிறது. நான் நாள்தோறும் வைகிற அந்த வெயில்தான் எங்கள் மேளத்தில் ஏழாவது ஆள். அது உடன் வராத ஒரு நாளில்தான் எனக்கு அது தெரிந்தது.

ஊர் திரும்பியதும் நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “பத்துமலை பார்த்தாயா?” தம்புசாமிப் பிள்ளை ஏற்படுத்திய கோயில், 1892 முதல் தைப்பூசம் நடக்கும் குகை, 2006இல் எழுந்த 140 அடி முருகன் சிலை, இவற்றைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். பார்க்கவில்லை. இரட்டைக் கோபுரத்தையும் பார்க்கவில்லை. வாசிக்கப் போகிறவன் பார்ப்பது விமான நிலையம், வேன், கொட்டகை, இலை, பாய், அவ்வளவுதான். மறுநாள் இரவே எங்களுக்குத் திரும்பும் விமானம். மூன்றாம் நாள் நரிக்குடிப் பக்கத்தில் ஒரு கொடை. அங்கே நாங்கள் மறுபடியும் குழாயடியில் நின்றோம். ஒரு பயணத்தில் ஊர் மாறிவிடாது.

நான் மாறியது ஒரு கட்டத்தின் அளவுக்குத்தான். இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் மீண்டும் அதே ‘தந்தையின் தொழில்’ வந்தது. ‘தவில் இசைக்கலைஞர்’ என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த எழுத்தர், “போன வருஷம் விவசாயம்னு இருக்கே?” என்றார். “அது பிழை ஐயா” என்றேன். அவர் பழைய பதிவை எடுத்து, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. மேசை இடிந்து விழவில்லை. ஓராண்டு நான் சுமந்த பாரம் அந்தச் சிவப்புக் கோட்டின் நீளந்தான்.

ஐப்பசியில் ஒருநாள் பின்னிரவில் எங்கள் பக்கம் நல்ல மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்துவிட்டோம். தமுக்கைத் தூக்கி உலர்ந்த மூலையில் வைத்தேன். தந்தையார் வாசலில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பிச் சொன்னார்:

“அங்க இந்நேரம் விடிஞ்சிருக்கும்ல? அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு.”